பெறுநர்

பெள்ளிராஜ் அஞ்சலகத்தில் ஓய்வு பெற்ற மாதம்
வந்து சேர்ந்த குட்டியாம்.
அதனால் அதற்குத் தபால் என்று பெயர்.
காக்கி நிறம். வலது காது மட்டும்
சரியாக ஒட்டாத தபால்தலை போலத்
தூக்கிக்கொண்டிருக்கும்.

கன்னியாகுமரிக்கு ஒன்பது நாள்.
மகள், மருமகன், பேரன்கள், வாடகை வேன்.
சாவியையும் சங்கிலியையும் கையில் வைத்தபோது
நாயென்றால் எனக்கு ஆகாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ருக்மணி
ஒரு மணியார்டர் பாரத்தின் பின்பக்கத்தை நீட்டினார்:

காலையில் ராகி. மோர் கூடாது.
மதியம் சோறும் ஈரலும், உப்பில்லாமல்.
இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போகும், இழுக்க வேண்டாம்.
இருட்டுவதற்குள் உள்ளே. கட்டாயம்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.
அது எதற்கென்று கோத்தகிரியில் யாரும் கேட்க மாட்டார்கள்.
போன மாதம் மேல்வீட்டு வாசலில்
சங்கிலி மட்டும் கிடந்தது.

முதல் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
தட்டை வைத்துவிட்டு நான் நகர்வேன்,
நான் நகர்ந்தபின் அது வரும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி லேபில்
நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால்
வெள்ளணுக்களுக்கு நடுவே
சாலையில் மரம் விழுந்த மாதிரி
குறுக்கே ஒரு காக்கி மயிர்.
"மேடம், உங்க ஸ்வெட்டர்ல இருந்து" என்றாள் ரெபேக்கா.
அடுத்த கண்ணாடித் துண்டை எடுத்தேன்.

ஆறாம் நாள் டூட்டி முடிய நேரமாகிவிட்டது.
பஸ்ஸை விட்டு இறங்கினால்
மேகம் ரோட்டில் படுத்திருக்கிறது.
கதவு திறந்து கிடந்தது.
தாழ்ப்பாளை நான்தான் சரியாகப் போடவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினேன்.
வெளிச்சம் ஒரு முழம் போய்
வெள்ளையாகத் திரும்பி வந்தது.

தபால்.
தபால்...
ஆறு நாளில் அதைப் பெயர் சொல்லி
நான் கூப்பிட்டதே இல்லை.
தபால்!

லைன் வீடுகளில் ஒரு ஜன்னல் திறந்தது.
"இந்நேரத்துலயா? யாருக்கும்மா?"

எனக்கு யாரும் எழுதிப் பல வருஷமாகிறது.
திருப்பூரில் விட்டுவந்த முகவரிக்கு
வந்திருந்தாலும்
ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கும்.
அதையெல்லாம் ஒரு ஜன்னலிடம் எப்படிச் சொல்ல.
"நாய்ங்க" என்றேன். "நாயைக் காணோம்."
சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, மானங்கெட்டு.

ஜன்னல் கொஞ்ச நேரம் பார்த்தது.
"அப்ப உங்க பின்னாடி நிக்கிறது என்னதுங்க?"

முதலில் நான் நினைத்தது சிறுத்தையைத்தான்.
கழுத்து திரும்ப மறுத்தது.
திரும்பினால்
தூக்கிய ஒற்றைக் காது.
வயிறுவரை நனைந்து,
நான் போன இடமெல்லாம்
பத்தடி தள்ளி வந்திருக்கிறது,
இவள் இருட்டில் யாரைத் தேடுகிறாள் என்று
விளங்காமல்.

அன்றிரவு தாழ்ப்பாளை மூன்று முறை பார்த்தேன்.
இடியே இல்லை.
ஆனாலும் கட்டிலுக்கடியில்தான் படுத்தது,
என் கட்டிலுக்கு.

ஒன்பதாம் நாள் வேன் ஹாரன் கேட்டதும்
பாய்ந்தது பாருங்கள்,
இங்கே ஒருத்தி நிற்பதே தெரியாத மாதிரி.
சரிதான். அதன் வீடு அது.
ருக்மணி நேந்திரம் சிப்ஸ் கொடுத்தார்,
சிப்பியில் என் பெயர் எழுதிய சாவிக்கொத்தும்.
மரகதவள்ளி என்று, தப்பான ள்-ளோடு.
"ரொம்பத் தொந்தரவு பண்ணிருச்சா?"
"சேச்சே."

காலையில் பழக்கதோஷத்தில் வாங்கிய ஈரல், கால் கிலோ,
மேசைமேல் அப்படியே இருந்தது.
நான் ஈரல் சாப்பிடுவதில்லை.
ஏழரைக்கு அதை வேகவைத்து, உப்பில்லாமல்,
வீணாய்ப் போகுமே என்று
ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு
பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

முதலில் தரையில் வால் அடிக்கும் சத்தம்.
அப்புறம் பெள்ளிராஜின் குரல்:
"யாரு?"

என் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.